பஸ்லியாவின் இடக்காது

வலக்காதைத் தலையணையில் அழுத்தினால் சாய்ந்தமருது ஊர் முழுவதும் அணைந்துவிடும். கடற்கரை வீதியில் ஓடும் ஓட்டோக்கள், பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார், பெண்களின் சிரிப்பு, எல்லாம். இடக்காது ஐந்து மாதத்துக்கு முன்பே போய்விட்டது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மௌனத்துக்குள் கொஞ்ச நேரம் படுத்துக் கிடப்பது பஸ்லியாவுக்கு வழக்கமாகியிருந்தது. அன்று அதற்குள் ஏதோ அரைபட்டது.

மிக மெல்லிய சத்தம். பல் டொக்டரிடம் வாயைத் திறந்து வைத்திருக்கும்போது எலும்பு வழியாக மண்டைக்குள் ஏறி வருமே, அந்த மாதிரி. கொஞ்சம் ஓடும், நிற்கும். நின்ற இடத்தில் தண்ணீரைப் பீச்சிக் கழுவுவதுபோல ஒரு சலசலப்பு, அதை உறிஞ்சி எடுப்பதுபோல ஒரு இழுப்பு. பிறகு மறுபடியும் அரையும்.

எழுந்து உட்கார்ந்தாள். வலக்காதில் ஊர் திரும்பி வந்தது. இடக்காதில் சத்தம் நிற்கவில்லை.

அந்தக் காதுக்குள் கேட்பதற்கென்று ஒன்றுமே மிச்சமில்லை என்பது அவளுக்குத் தெரியும். மண்டையோட்டின் அடியில், காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின்மேல் ஒரு கட்டி வளர்ந்திருந்தது. கொழும்பில் டொக்டர் அழகரெத்தினம் கடதாசியில் படம் கீறிக் காட்டினார்.

"காதுக்குப் பின்னால வெட்டி, எலும்ப அரைச்சு அரைச்சு உள்ளுக்குப் போவம். உட்காதும் அதோட போயிரும். ஆனா இந்த வழியால போனாத்தான் மூளைய அமத்தாமக் கட்டிய எடுக்கலாம், முகத்து நரம்பையும் காப்பாத்தலாம். பிறகு குழிய உங்கட வயித்துக் கொழுப்பால அடைச்சு மூடுவம்."

"எடுங்க டொக்டர்," என்றாள். "காது போனாப் போகட்டும். எனக்கு ஸ்கூட்டி ஓடணும்."

ஊரில் நாற்பத்திரண்டு பெண்களுக்கு ஸ்கூட்டி பழக்கியவள் அவள். பொம்புளைக்கு இது என்னத்துக்கு என்று கேட்டவர்களின் மனைவிமாரும் அதில் அடக்கம். ஒன்பது மணித்தியால ஒப்பரேஷன் முடிந்து கண் விழித்தபோது கட்டில் தோணி மாதிரி ஆடியது. சுவரைப் பிடித்து நடந்தாள். பிறகு சுவரை விட்டு நடந்தாள். போன வாரம் ஸ்கூட்டியையும் எடுத்துவிட்டாள்.

டொக்டருக்குப் போன் எடுத்தாள்.

"சில பேருக்கு அப்பிடிக் கேக்கும் பஸ்லியா. நரம்பு அறுந்த பக்கம் மூளை தானா இரைச்சல் போடும்."

"இரைச்சல் இல்ல டொக்டர். ஆரோ வேலை செய்யிற சத்தம்."

மறுபக்கத்தில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "வியாழக்கிழமை வாங்க. ஸ்கேன் எடுத்துப் பாப்பம்."

வியாழனுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. சத்தமோ அவசரமே இல்லாமல், நன்றாகத் தொழில் தெரிந்த ஒருவரின் பொறுமையோடு நடந்துகொண்டிருந்தது. கேட்கக் கேட்க அது தோலை நெருங்கி வர, அவளுக்கு ஒன்று விளங்கியது. டொக்டர் வெளியிலிருந்து உள்ளே போனார். இது உள்ளேயிருந்து வெளியே வருகிறது.

பயமாயிருந்தது. கூடவே கோபமும் வந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். அஸர் தொழுகை நேரத்து மாலை வெயில் மணலில் மஞ்சளாய்க் கிடந்தது. கருவாட்டு வாசம். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தபடி உரக்கச் சொன்னாள்.

"ஒம்பது மணித்தியாலம் தலையத் திறந்து வெச்சும் எழும்பி வந்தவள் நான். நீ ஆரு?"

சத்தம் நின்றது.

அலைகளை எண்ணினாள். ஏழு. எட்டு.

பிறகு வேறொரு சத்தம், வெகு கிட்டத்தில், காதுக்குப் பின்னால் தழும்பின் அடியில் கேட்டது. இது எலும்பில் இல்லை. தோலில். ஏதோ குத்தி நுழைந்து, நீளமாய் இழுபட்டு, இறுகியது. மறுபடியும் குத்தியது. வலி இல்லை. அதுதான் இன்னும் பயமாயிருந்தது.

விழாமல் வீடு வந்து சேர்ந்தாள். அவளுடைய கணவன் றிபாஸ் முன்வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"இஞ்ச வாங்க. காதுக்குப் பின்னால பாருங்க."

முக்காட்டை விலக்கி, முடியை ஒதுக்கினான். அவள் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்த அவன் மூச்சு நின்றது.

"என்ன?"

"தையல்."

"அது எப்பவோ வெட்டியாச்சே."

"ஓம். வெட்டக்குள்ள நானும் நிண்டன்." இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தான். "இது புதுசு. கறுப்பு நூல். ஈரமா இரிக்கி."

"முடிச்சு எங்க?"

"வெளியில இல்ல புள்ள. உள்ளுக்கிருந்து தைச்ச மாதிரி இரிக்கி."

அவளே விரலால் தடவினாள். ஒன்று. இரண்டு. ஐந்து. சீரான, அழகான தையல். ஆறாவது இன்னும் இறுகவில்லை. வளையமாய் நின்றது. விரல் பட்டதும் அசைந்தது. மெதுவாகத் தோலுக்குள் போகத் தொடங்கியது.

"யா அல்லாஹ்," என்று றிபாஸ் பின்னால் போனான்.

பஸ்லியா போகவில்லை. வளையத்துக்குள் விரலை நுழைத்து மடக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

உள்ளேயிருந்து அதுவும் இழுத்தது.

அவள் விடவில்லை.