பெரியவருக்கு எந்த ஸ்கேனர்?

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. காலை மடக்கி வசதியாக உட்காருங்கள். வயதான லாரி ஒன்றும், அதோடு மல்லுக்கட்டி அலுத்துப்போன ஒரு வீடும் இருக்கிற கதை சொல்லப்போகிறேன். நடுவில் எழுந்து ஓடாமல் கேட்டால், கடைசியில் அந்த லாரியிலேயே உங்களை மலைக்குக் கூட்டிப்போவேன். சம்மதம்தானே?

பத்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். எதையும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால் அவளுக்குத் துருவி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவளுடைய அம்மா லாரி ஓட்டுபவர். அப்பா தையல்காரர். அம்மாவின் தம்பி, அதாவது துருவியின் மாமா, போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தார்.

அம்மாவின் லாரி டீசல் வண்டி. துருவி பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பே ஓட ஆரம்பித்துவிட்டது. அதனால் வீட்டில் யாரும் அதை 'அது' என்று சொல்ல மாட்டார்கள். அதற்குப் பெயர் பெரியவர்.

"பெரியவர் இன்னைக்கு எப்படி வந்தாரு?" என்று அப்பா கேட்பார்.

"வந்தாரா? உருண்டாரு," என்பார் அம்மா, செருப்பை உதறிக்கொண்டே.

விஷயம் இதுதான். ஒரு மாதமாகவே பெரியவரின் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று நினைத்த நேரத்தில் எரிந்தது. அது எரிந்தால் போதும், வண்டிக்கு வேகமே வராது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஆமை நடைதான். ஒரு நாள் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் விசில் அடித்துக்கொண்டே பெரியவரை முந்திப் போய்விட்டார். அன்று இரவு அம்மாவின் கோபத்தையெல்லாம் தோசைக்கல்தான் வாங்கிக்கொண்டது.

மெக்கானிக் பட்டறை இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தது. அம்மா மூன்று முறை போனார். மூன்று முறையும் பட்டறை வாசலுக்குள் நுழைந்ததும் விளக்கு அணைந்துவிட்டது.

"நல்லாத்தானேம்மா இருக்காரு?" என்றார் மெக்கானிக். "பழைய வண்டி. விளக்கு எரியறப்போ பாத்தாத்தான் என்ன கோளாறுன்னு சொல்லும். அணைஞ்சா மறந்துடும். நீங்களே ஒரு வயர்லெஸ் ஸ்கேனர் வாங்கி வண்டியில மாட்டிடுங்க. எரியற நேரத்துல போன்லயே படிச்சுடலாம்."

சரி, வாங்கிவிடலாம். ஆனால் அவசரம் இருந்தது.

வருகிற சனிக்கிழமை, நாற்றுப் பண்ணையிலிருந்து செடிகளை ஏற்றிக்கொண்டு அம்மா மலைக்குப் போக வேண்டும். முதல் முறையாகத் துருவியையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். துருவி வகுப்பில் எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டாள். இரண்டு பேரிடம் இரண்டு தடவை சொன்னாள்.

ஆனால் அப்பா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "விளக்கு எரியற வண்டியில மலை ஏறக் கூடாது. பிள்ளை மட்டும் இல்ல, நீயும்தான்."

அம்மாவும் மறுக்கவில்லை. பாதி ஏற்றத்தில் பெரியவர் படுத்துவிட்டால் என்ன செய்வது? பண்ணைக்காரரோ, "வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள்ள சொல்லிடுங்கம்மா. இல்லேன்னா வேற லாரிக்குச் சொல்லிடுவேன்," என்றுவிட்டார்.

"ஒரு ஸ்கேனர்தானே அக்கா?" என்றார் மாமா. "அதை என்கிட்ட விடுங்க."

விட்டார்கள். அங்கேதான் ஆரம்பித்தது வம்பு.

முதல் பெட்டி திங்கட்கிழமை வந்தது. "நாலாயிரம் பேர் அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காங்க!" என்று மாமா அதைத் தூக்கிக் காட்டினார். பிறகு ஸ்டீயரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஸ்கேனரை மாட்டும் இடத்தில் வைத்து அழுத்தினார். அழுத்தினார், அழுத்தினார், முகம் தக்காளி மாதிரி சிவக்கும் வரை அழுத்தினார்.

"போக மாட்டேங்குது."

"மெதுவாடா. அவரு பெரியவரு," என்றார் அம்மா.

"இது தட்டையா இருக்கு அக்கா. அங்க வட்டமா இருக்கு."

இரண்டாவது பெட்டி செவ்வாய்க்கிழமை வந்தது. வட்டமான முனை. மாமா வெற்றி வீரர் போல நடந்து போனார். கொஞ்ச நேரத்தில் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்.

"பொருந்துது. ஆனா ஒரு பின் மட்டும் இடிக்குது. அந்த ஒண்ணை ஒடிச்சுட்டா என்ன?"

"கையை ஒடிச்சுடுவேன்!" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

மூன்றாவது பெட்டி புதன்கிழமை வந்தது. வேறு கம்பெனி, வேறு நிறம், பளபளவென்று நீலம். திறந்து பார்த்தால் மறுபடியும் தட்டை முனை!

அன்று இரவுச் சாப்பாட்டில் ஒருவர் முகமும் சரியில்லை. அம்மா குழம்புக் கரண்டியை நங்கென்று வைத்தார். அப்பா தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மாமா போனைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு இன்னொண்ணு வரும். ஏழாயிரம் பேர்..." என்று ஆரம்பித்தார்.

"ஏழாயிரம் பேரும் நம்ம பெரியவரைப் பாத்தாங்களா மாமா?" என்றாள் துருவி. அவளுக்கும் எரிச்சல் மூக்குவரை வந்திருந்தது. "நாமளாவது பாத்தோமா? அந்த மாட்டற இடத்துல மொத்தம் எத்தனை ஓட்டை இருக்கு?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா ஊறுகாயைப் பார்த்தார்.

"இருட்டா இருந்துச்சு," என்றார் மாமா.

"அப்பா, நீங்க அளவு எடுக்காம துணி வெட்டுவீங்களா?"

"கத்தரியைக் கையிலயே எடுக்க மாட்டேனே!" என்றவர் சட்டென்று சிரித்துவிட்டார். "பாத்தியா மாப்ள! நீ ஊர் பூரா சட்டையைப் போட்டுப் பாத்துட்டு வர்ற. போட்டுக்கப்போறவர் வாசல்லயே நிக்கிறாரு!"

அம்மாவும் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

துருவிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாமாவும் பாவம்தானே? மூன்று நாளாகக் கடையிலிருந்து நேராக ஓடிவந்து ஸ்டீயரிங்குக்கு அடியில் படுத்தவர் அவர் ஒருவர்தான். அவள் எழுந்து போய் வாசலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, காலையில டார்ச் அடிக்க வர்றீங்களா?"

"நீயே அடிச்சுக்கோ. உனக்குத்தான் எல்லாம் தெரியுதே."

"எனக்கு எண்ணத்தான் தெரியும். போன்ல ஆப் போட, இணைக்க, அதெல்லாம் உங்களை விட்டா இந்த வீட்ல யாருக்குத் தெரியும்? அப்பா அலாரம் வைக்கவே உங்களைத்தான் கூப்பிடறாரு."

மாமாவின் மீசை லேசாக அசைந்தது. "ஆறு மணிக்கு எழுப்பு," என்றார்.

மறுநாள் காலை மாமா டார்ச் அடித்தார். துருவி கவிழ்ந்து படுத்து, தூசியைத் துடைத்துவிட்டு, அந்த மாட்டும் இடத்தைப் பார்த்தாள். வட்டம். உள்ளே எட்டு ஓட்டைகள். எண்ணினாள். மாமாவையும் எண்ணச் சொன்னாள். அப்படியே நோட்டில் வரைந்தாள். குறுக்களவை அப்பாவின் அளவு நாடாவால் எடுத்தாள். கதவுக்குள் ஒட்டியிருந்த தகட்டிலிருந்து வண்டி செய்த வருடத்தையும் இன்ஜின் எண்ணையும் எழுதிக்கொண்டாள்.

"வேற என்ன எழுதணும் அம்மா?"

"ரெண்டு பேட்டரி சேர்த்து இருபத்து நாலு வோல்ட்டுன்னு எழுதிக்கோ," என்றார் அம்மா.

கடைசியாக மாமாவின் போன் என்ன மாடல் என்பதையும் எழுதினாள்.

அன்று சாயங்காலம் துருவியும் மாமாவும் அந்த மூன்று பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு லாரி உதிரிபாகக் கடைக்குப் போனார்கள். கடைக்காரம்மா போனை ஒரு பெருமூச்சோடு கீழே வைத்தார்.

"நீங்களும் ஸ்கேனர்தானே? காலையிலிருந்து ஆறு பேர். என்ன வண்டின்னு கேட்டா 'சிவப்பு வண்டி'ங்கறாங்க. நான் என்னத்தைக் குடுக்கறது?"

துருவி நோட்டை நீட்டினாள். கடைக்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒருமுறை துருவியைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"இது யாரு வரைஞ்சது?"

"நான் வரைஞ்சேன். மாமா டார்ச் அடிச்சாரு."

"இந்தக் கடையில முதல் தடவையா ஒரு ஆள் வண்டியைப் பாத்துட்டு வந்திருக்கு!" என்று கடைக்காரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். மாமா கொண்டுவந்திருந்த மூன்று பெட்டிகளையும் திறந்து பார்த்தார்.

"தட்டை முனை ரெண்டும் காருக்கு உள்ளது. பன்னிரண்டு வோல்ட். உங்க வண்டியில மாட்டியிருந்தா பொசுங்கியிருக்கும். மாட்ட முடியாமப் போனதே நல்லது. இந்த ஒன்பது பின் வேற வகை லாரிக்கு."

"அப்போ எட்டு பின் இருந்தாப் போதுமா?" என்று கேட்டாள் துருவி.

"போதாது கண்ணு. வண்டியும் ஸ்கேனரும் ஒரே பாஷை பேசணும். உங்க வண்டி பழசு, பழைய பாஷைதான் பேசும். இப்போ வர்ற ஸ்கேனர்ல பாதிக்கு மேல புது பாஷை மட்டும்தான் தெரிஞ்சது. மாட்டினா மாட்டும், ஆனா ஒண்ணை ஒண்ணு முறைச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கும். அதுக்குத்தான் வருஷமும் இன்ஜின் எண்ணும் வேணும். வயர் இருக்கா இல்லையாங்கறது கடைசிக் கேள்வி."

அவர் உள்ளே போய், எண்களை ஒரு பட்டியலில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன டப்பாவோடு வந்தார். குட்டை வால் மாதிரி ஒரு கேபிள், நுனியில் வட்ட முனை. துருவி எண்ணினாள். எட்டு.

மாமா அதைப் புரட்டிப் பார்த்தார். "இதுக்கு ஒரு ஸ்டார்கூட இல்லையே."

"வானத்துலயா தம்பி வண்டி ஓட்டப்போறீங்க?" என்றார் கடைக்காரம்மா.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் துருவி ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். டப்பா க்ளிக்கென்று மாட்டிக்கொண்டது. இனி போனோடு இணைக்க வேண்டும். மாமா தேடினார். போனுக்கு முதலில் பக்கத்து வீட்டு டிவி கிடைத்தது. அடுத்து அப்பாவின் ஹெட்போன் கிடைத்தது.

"பெரியவரைத் தவிர எல்லாரும் வர்றாங்க!" என்று அம்மா ஸ்டீயரிங்கில் குத்தினார்.

"இருங்க அக்கா. கத்தாதீங்க. கத்தினா சிக்னல் வராது." மாமா எதையோ அணைத்தார், எதையோ போட்டார், ஒரு எண்ணைத் தட்டினார். டப்பாவில் பச்சைப் பொட்டு எரிந்தது. "இணைஞ்சிடுச்சு!"

இப்போது இன்னொரு தலைவலி. மஞ்சள் விளக்கு எரிந்தால்தானே படிக்க முடியும்? அன்று பார்த்துப் பெரியவர் பரம சாது. தார் ரோட்டில் இரண்டு சுற்றுப் போனார்கள். விளக்கு எரியவே இல்லை. மணி நாலரை.

"ஒரு மாசம் உயிரை வாங்கிட்டு, இன்னைக்குப் பாரு!" என்றார் அம்மா.

"எப்பவும் எங்க எரியும் அம்மா?" என்று கேட்டாள் துருவி.

அம்மா யோசித்தார். "குண்டும் குழியுமா இருக்கற இடத்துல. திரும்பறப்போ."

"அப்போ அங்க போவோம். நல்ல ரோட்ல ஏன் போறோம்?"

செங்கல் சூளைக்குப் போகும் மண் பாதையில் வண்டியைத் திருப்பினார் அம்மா. தடக், தடக், தடாம்! இடப்பக்க வளைவில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"எரியுது! எரியுது!" என்று மூன்று பேரும் கத்தினார்கள். எதிரில் மாடு ஓட்டி வந்தவர், இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நின்று பார்த்தார்.

அம்மா உடனே வண்டியை நிறுத்தினார். மாமா போனைப் படித்தார்: "காற்றோட அழுத்தத்தை அளக்கற சென்சார். அதுக்குப் போற இணைப்பு விட்டு விட்டு வருதாம்."

இன்ஜின் கொஞ்சம் ஆறியதும் அம்மா இறங்கிப் பார்த்தார். அந்த சென்சாருக்குப் போகும் வயர் ஓர் இரும்புப் பட்டையின் ஓரத்தில் உரசி உரசித் தோல் உரிந்து, உள்ளே நூலிழையாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி சாய்ந்தால் விலகும், நிமிர்ந்தால் ஒட்டும். பட்டறைச் சமதளத்தில் எப்படித் தெரியும்?

வண்டியை மெதுவாக வீட்டுக்கு உருட்டி வந்து, மெக்கானிக்குக்குப் படம் அனுப்பினார்கள். "அடடா, இதுதானா? சுத்தமா வெட்டிப் புது வயர் வச்சு ஒட்டணும். இருங்க, நான் வர ரெண்டு மணி நேரம் ஆகும்," என்றார்.

மணி ஐந்து. அம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

"எதுக்கு அவரு?" என்றார் மாமா, சட்டைக் கையை மடித்துக்கொண்டு. "தலைமுடி கனத்துல இருக்கற வயரையே தினமும் நாப்பது தடவை ஒட்டறேன். இது வயரா? இது கயிறு!"

கடைக்கு ஓடிப்போய்ப் பற்றவைக்கும் கருவியைக் கொண்டுவந்தார். துருவி டார்ச் அடித்தாள். மெக்கானிக் போனில் சொல்லச் சொல்ல, மாமா வெட்டி, ஒட்டி, மேலே உறை போட்டு, இரும்பில் படாமல் தள்ளிக் கட்டினார்.

"நானும் வர்றேன்," என்று அப்பா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு வண்டியில் ஏறினார். மறுபடியும் சூளைப் பாதை. தடக், தடக், தடாம்! விளக்கு எரியவில்லை. திரும்பி வந்தார்கள். மறுபடி போனார்கள். நாலாவது தடவை அப்பா தலையைக் கூரையில் இடித்துக்கொண்டார். விளக்கு எரியவில்லை.

"போதும், போதும். மலைக்கே போயிட்டு வாங்க!" என்றார் தலையைத் தேய்த்துக்கொண்டு.

ஆறு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தபோது அம்மா பண்ணைக்காரருக்குப் போன் போட்டார்.

சனிக்கிழமை காலை, பின்னால் ஆயிரம் நாற்றுகள் தலையாட்ட, பெரியவர் மலை ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் அம்மாவின் கண் டாஷ்போர்டுக்குப் போய்ப் போய் வந்தது. பதினோராவது வளைவில், பழக்க தோஷத்தில் கேட்டார்:

"குட்டி, விளக்கு எரியுதா பாரு."

துருவி ஜன்னலில் முகத்தைப் பதித்திருந்தாள். கீழே, அவர்கள் ஏறி வந்த சாலைக்கும் கீழே, மேகம் ஒன்று மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா," என்றாள் அவள் மெதுவாக, "நாம மேகத்தையே முந்திட்டோம்."

அவ்வளவுதான் கண்ணுகளா, மலைக்கு வந்து சேர்ந்துவிட்டோம். உங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போகிற சக்கரமெல்லாம் சொன்ன நேரத்துக்குப் பத்திரமாகத் திரும்பட்டும். உங்கள் வீட்டில் கோபம் வந்தாலும் குழம்பு ஆறுவதற்குள் தீரட்டும். எல்லோரும் நன்றாக இருங்கள்.