நூறாவது பிராணி

மழைக்குப் பயந்து ஓடி வந்தவன் அவன். மழை பார்க்கலாமே என்று கதவைத் தள்ளியவள் அவள். நடுவில் இருந்தது ஒரு கண்ணாடிக் கதவு.

"டொக்!"

அவன் மூக்குக்கண்ணாடி பறந்தது. அது விழுந்த இடத்தில்தான் அவள் செருப்பு போய் நிற்க வேண்டுமா? நின்றது. 'நொறுக்' என்று ஒரு சத்தம்... அவள் உயிரே போயிற்று.

"ஐயோ... சாரி சார்! பாக்கல சார்!"

அவன் குத்துக்காலிட்டுத் தரையைத் தடவினான். அவளும் குனிந்து தேடினாள். அவன் கையில் எதுவோ அகப்பட்டது.

"இது என் கண்ணாடி இல்லையே..."

"இல்ல சார். அது என் கை."

"ஓ... மன்னிச்சுக்குங்க."

மன்னிப்புக் கேட்டவன் கையை விட ஒரு நொடி கூடுதலாகத்தான் எடுத்துக்கொண்டான். கண் தெரியாத மனிதன், போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அவன் நிமிர்ந்து கடைப் பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "கண்ணாடிக் கடையா? வாசல்லயே உடைச்சு, அப்படியே உள்ள கூட்டிட்டுப் போற ஏற்பாடா? நல்ல தொழில்தாங்க..."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் உள்ளேயிருந்து அப்பாவின் குரல். "யாரும்மா அது? மழையில நிக்க வெச்சுப் பேசாத, உள்ள உக்கார வை!"

அப்பா அப்படித்தான். மணி என்ன என்று கேட்க வருகிறவனையும் உட்கார வைத்து, வெயிலுக்கு ஒன்று, படிக்க ஒன்று என்று இரண்டு கண்ணாடி மாட்டித்தான் அனுப்புவார்.

அவள் அவனைச் சோதனை நாற்காலியில் உட்கார வைத்தாள். இமைகளில் மழைத்துளி இன்னும் மிச்சம் இருந்தது. கண்ணாடி கழற்றிய கண்களுக்கு ஒரு கூச்சம் உண்டு. எட்டு வருடமாக இந்தக் கடையில் நிற்கிறவளுக்கு அது தெரியும். ஆனால் இந்தக் கண்கள் கூச்சப்படவில்லை. மங்கலாகத் தெரிந்த அவளையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தன...

இரும்புச் சட்டத்தை அவன் மூக்கில் வைத்து, வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றினாள். "இப்ப தெரியுதா? இதுவா, அதுவா?"

"அதுதான்... இல்ல, இது. ஆங், இப்ப எல்லாமே தெரியுது." அவன் பார்வை சுவர் எழுத்துகளிலிருந்து இறங்கி, மேஜைக் கண்ணாடியின் அடியில் இருந்த பத்திரிகைத் துண்டில் போய் நின்றது. 'நகர வாய்க்காலில் நீர்நாய்! நூறாவது பிராணியைக் கண்ட இளம்பெண்.'

"இது... நீங்களா?"

"வேற யாரு? என் பொண்ணுதான் சார்!" அப்பா அடுத்த மேஜையிலிருந்து தாவி வந்தார். "நூறு உயிரு! அத்தனையும் சொந்தக் கண்ணால பாத்து நோட்டுல எழுதியிருக்கா. நாம ஒரு எலியப் பாத்தா நாற்காலி மேல ஏறிடுவோம்!"

அவன் அந்த இரும்புச் சட்டத்தோடே எழுந்து நின்றுவிட்டான். "உங்களைத்தாங்க ஆறு வாரமா தேடிட்டிருக்கேன்!"

எந்தப் பெண்ணுக்கும் இதைக் கேட்டால் நெஞ்சில் ஏதாவது நடக்கும். அவளுக்கும் நடந்தது. அடுத்த வாக்கியம் வரும் வரைக்கும்தான்.

"வாய்க்கால் கரையில சுவர் கட்டுற வேலைக்கு நான்தாங்க ஓவர்சியர். நீர்நாய் இருக்குற இடத்துல கட்டக் கூடாது. இந்தச் செய்தியப் படிச்சுட்டு வேலைய நிறுத்தி வெச்சிருக்கேன். பேப்பர்ல உங்க பேர் இல்ல, லைப்ரரி பிராணிக் குழுன்னு மட்டும்தான் இருந்துச்சு. லைப்ரரியில கேட்டா, 'உறுப்பினர் விவரம் தர மாட்டோம்'னுட்டாங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பெரிய இன்ஜினியர் கிட்ட ரிப்போர்ட் குடுக்கணும். பாத்தவங்க கையெழுத்து இருந்தாப் போதும்... போடுவீங்களா?"

"போடாம?" என்றார் அப்பா.

அவள் தரையைப் பார்த்தாள். தரையில் உடைந்த கண்ணாடிச் சில்லுகள்... பொறுக்க வேண்டும் என்ற சாக்கில் குனிந்தாள். முகத்தை மறைக்க அந்த நேரத்துக்கு வேறு இடம் இல்லை.

ஏனென்றால் அவள் பார்த்தது நீர்நாய் அல்ல.

நூலகத்தில் பிராணிக் குழு என்று ஒன்று உண்டு. பதினோரு பேர். ஆளுக்கு ஒரு நோட்டு, சுவரில் எல்லாருக்குமாக ஓர் அட்டவணை. விதிகள் மூன்றுதான். உயிரோடு இருக்க வேண்டும். கூண்டில் இருக்கக் கூடாது. தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பல்லியில் தொடங்கி, தொண்ணூற்று ஒன்பதில் வந்து ஐந்து மாதம் நின்றுபோயிருந்தாள். நூறு தொட்டவர்களுக்கு அட்டவணையில் பெயர் சிவப்பு மையில் ஏறும். அந்தச் சிவப்பு அவளைத் தூங்கவிடவில்லை.

ஒரு தூறல் மாலை. வாய்க்காலின் மூன்றாம் குழாய் வாயில் ஈரமாக, நீளமாக, பழுப்பாக ஒன்று வழுக்கி உள்ளே போயிற்று. நீர்நாய்! ஓடிப் போய் எழுதிவிட்டாள். மைனஸ் இரண்டரை பவர் கண்ணுக்காரி. அன்றைக்குக் கண்ணாடி போட்டிருக்கவில்லை. கண்ணாடி போட்டால் மூக்கு அகலமாகத் தெரிகிறது என்று யாரோ எப்போதோ சொன்னதை நம்பிய பைத்தியம்! ஊருக்கெல்லாம் "உங்க முகத்துக்கு எடுப்பா இருக்குங்க" என்று மாட்டிவிடுகிறவள் அவள்.

எட்டு நாள் கழித்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதே இடத்துக்குப் போனாள். அதே குழாய். அதே ஈரம், அதே நீளம். கீரி. அவள் நோட்டில் இருபத்து மூன்றாவதாக ஏற்கெனவே இருக்கிற, சாதாரணக் கீரி. மழைநீரில் குளித்துவிட்டு வந்திருந்தது.

அன்றே நோட்டில் அந்த வரியை அடித்திருக்கலாம். ஆனால் அன்று காலையில்தான் செய்தி வந்திருந்தது. அப்பா பத்திரிகையைக் கத்தரித்து, நான்கு மூலையும் நீவி, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார். அந்த விரல்களைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

குழாய் எங்கே என்று அவன் கேட்டதற்கு, உண்மையான இடத்தைத்தான் சொன்னாள். அது ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும் என்று.

அதன் பிறகு ஓவர்சியர் கடைக்கு வர ஆரம்பித்தான். புதுக் கண்ணாடி வாங்கிப் போக ஒரு தரம். திருகு லூஸ் என்று ஒரு தரம். மூக்குப் பட்டை அழுத்துகிறது என்று இன்னொரு தரம்.

"வால் எப்படிங்க இருந்துச்சு? அடியில தடியா, நுனியில கூரா?"

"...நனைஞ்சிருந்துச்சுங்க."

"விரலுக்கு நடுவுல தோல் இருந்துச்சா?"

"அவ்வளவு கிட்டப் போகலைங்க."

"மீசை?"

"மழைங்க!"

அவன் சிரித்தான். அவள் அவன் மூக்குப் பட்டையை நிமிர்த்தினாள். தொடும் தூரத்தில் அந்த நம்பிக்கைக் கண்கள்... ஒவ்வொரு முறையும் அவள் காது மடல் வரை சூடேறியது. காதலா, அவமானமா? இரண்டும் ஒரே சூடுதான் போலிருக்கிறது.

கடைசியாக வந்தபோது சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தான். "உங்களப் பாத்துதாங்க, நானும் லிஸ்ட் ஆரம்பிச்சுட்டேன். பதினாலு."

வாங்கிப் படித்தாள். "இதென்ன, ஏழாவது 'மேஸ்திரி'ன்னு போட்டிருக்கு?"

"கோவம் வந்தா அவரும் காட்டு மிருகம்தாங்க."

வாய்விட்டுச் சிரித்தவளிடம், திடீரென்று குரலை இறக்கிக் கேட்டான். "ஏங்க... பாக்காததை எழுதிட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. யாருக்கும் தெரியாது."

"அப்ப எழுதினா என்ன?"

அவள் பட்டறை அறைக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அப்பா இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில், மகளின் பெருமையைப் பதக்கமாகத் தன் மார்பில் குத்திக்கொண்டவர் போல அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஓவர்சியர் பக்கவாட்டில் நின்றான். பெரிய இன்ஜினியர் தட்டச்சு செய்த தாளை அவள் பக்கம் தள்ளினார்.

'வாய்க்காலின் மூன்றாம் குழாய் அருகே, நான் என் கண்ணால் நீர்நாயைத் தெளிவாகக் கண்டேன்.'

பேனாவை எடுத்தாள். பேனா நகரவில்லை.

"சார்... இந்த 'தெளிவாக'ங்கறத எடுத்துடலாமா?"

"எடுத்துக்குங்க. அதுல என்ன இருக்கு?"

"இந்த... 'என் கண்ணால்'?"

அவர் நிமிர்ந்தார். "அதையும் எடுக்கணுமா?"

"'நீர்நாயை'ங்கறதையும், சார்."

"அப்புறம் என்னம்மா மிச்சம்?"

"நான் மட்டும்தான் சார்." பேனாவைக் கீழே வைத்தாள். "அது கீரி. எனக்கு மைனஸ் ரெண்டரை. அன்னைக்குக் கண்ணாடி போடல. தெரிஞ்சப்புறமும் சொல்லல. நேத்துக்கூடப் போய்ப் பாத்தேன்... கீரிதான். குட்டி போட்டிருக்கு."

அப்பா அவளைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். தெரியாத வீட்டுக்குள் நுழைந்துவிட்டவரின் பார்வை அது...

"என்னய்யா ஓவர்சியர்," என்றார் இன்ஜினியர். "ஒரு கீரிக்காக ரெண்டு மாசம் வேலைய நிறுத்துனீங்களா?"

அவன் முகம் செங்கல்லாகச் சிவந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அவள் பக்கம் திரும்பவும் இல்லை. அந்தத் திரும்பாத கழுத்தைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

"திங்கக்கிழமை வேலை ஆரம்பம். நீங்க போலாம்."

அப்பா எழுந்தார். வாசல் வரை போனார். என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து மேஜை முன்னால் நின்றார். "சார், குட்டி இருக்குன்னு சொல்றாளே... ஒரு மாசம் அந்தக் குழாய மட்டும் விட்டு வையுங்க."

"கீரிக்கெல்லாம் ரூல் கிடையாதுங்க."

"ரூல் இருந்தா உங்ககிட்ட நான் எதுக்குக் கேக்கறேன்? சரி, இருபது நாள்."

"மூணு நாள்."

"மூணு நாள்ல குட்டி கண்ணக்கூட முழிக்காது சார். உங்க பேச்சும் வேணாம், என் பேச்சும் வேணாம். பத்து நாள்."

இன்ஜினியர் தன்னை அறியாமலே தலையாட்டிவிட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாள் முதல் அவருக்கு இப்படி ஆனதில்லை.

படியிறங்கும்போது அப்பா சொன்னார். "பொய் சொன்னது கூடச் சரிம்மா. கண்ணாடிக் கடைக்காரன் பொண்ணு, கண்ணாடி போடாமப் போனேன்னு நாலு பேர் முன்னாடி சொன்ன பாரு..." சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. மறுநாள் பத்திரிகைத் துண்டை எடுத்துவிட்டு மேஜையைத் துடைத்தார். "எங்க சார் அந்த நீர்நாய்?" என்று கேட்ட ஒவ்வொருவரிடமும், "அது கீரிங்க" என்றார். அவ்வளவுதான். வேறு எதையும் காட்டி விற்கவும் இல்லை. ஒரு வார்த்தையோடு அப்பா நிறுத்துவதை அன்றுதான் அவள் முதன்முதலாகக் கேட்டாள்.

நான்கு நாள் ஆயிற்று. ஓவர்சியர் வரவில்லை. திருகு, பட்டை, எல்லாம் சரியாகிவிட்டது போலிருக்கிறது...

ஐந்தாம் நாள் நூலகத்துக்குப் போனாள், கண்ணாடி போட்டுக்கொண்டு. சிவப்பு மைப் பெயரின் குறுக்கே கறுப்புக் கோடு இழுத்தாள். "என்னம்மா, நூறுலேருந்து இறங்கிட்டியா?" என்றார் நூலகத்து அக்கா.

"ஆமாக்கா. தொண்ணூத்தொம்பது."

வெளியே வந்தபோது மழை. தாழ்வாரத் தூணோரம் அவன் நின்றிருந்தான். தோளிலிருந்து நீர் சொட்டியது.

"கடைக்குப் போனேன். இங்க இருப்பீங்கன்னு சொன்னாங்க."

"திட்டத்தானே வந்தீங்க? திட்டிடுங்க. எனக்கு நல்லா வேணும்."

அவன் ஓர் உறையை நீட்டினான். உள்ளே படங்கள். மூன்றாம் குழாய். கீரி. மறுபடி கீரி. வாயில் குட்டியோடு கீரி. முதல் படத்தின் ஓரத்தில் தேதி... அவள் இரண்டு தரம் படித்தாள்.

"இது... நீங்க முதல்ல கடைக்கு வந்த மறுநாள்."

"ஆமாங்க. நீங்க இடம் சொன்னீங்கள்ல? அன்னைக்கே கேமரா கட்டிட்டேன்."

"அப்ப தெரிஞ்சுதான் வாலையும் மீசையையும் கேட்டீங்களா? என்னைச் சோதிச்சீங்களா?"

"ஐயோ, இல்லைங்க! கீரின்னு சொல்லிட்டா விஷயம் முடிஞ்சுடும். அப்புறம் உங்க கடைக்கு வர எனக்கு என்ன வேலை? மூக்குப் பட்டைய நானே வளைச்சுட்டு வந்தேன்." அவன் தலை தாழ்ந்தது. "நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா, கீழ நானும் போட்டிருப்பேன். நீங்க எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. படங்கள் என் பையிலதான் இருந்துச்சு. நான் வாயத் தெறக்கல... அதான் உங்க முகத்தப் பாக்க முடியல."

அவளுக்குக் கோபம் வந்தது. "நாலு நாள்! உங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நாலு நாளா நான்..."

சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. மழைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னைக்குக் காலையில இன்ஜினியர் கிட்டப் படத்த வெச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேங்க," என்றான் அவன். "மெமோ குடுத்துட்டாரு. வேலை இருக்கு, மரியாதைதான் போச்சு. இப்ப எனக்குச் சொல்ல மிச்சம் ஒண்ணுதான். உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இதுல எந்த வார்த்தையையும் எடுக்க முடியாது."

மழை கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி பிடித்தது. அவள் கண்ணாடியில் சாரல் படிந்திருந்தது. துடைக்கவில்லை.

"எனக்கும்தான்..." என்றாள், தூணைப் பார்த்து. பிறகு பயம் வந்தது. "அப்பா கிட்ட யார் சொல்றது? இப்பதான் அவர் முகத்துல ஒரு தடவை கரி பூசியிருக்கேன். மறுபடி எல்லார் முன்னாடியும் போய் நிக்க என்னால முடியாதுங்க."

"நீங்க நிக்க வேணாம்." அவன் ஈரச் சட்டையின் காலரைச் சரி செய்துகொண்டான். "இந்தத் தடவை முதல்ல நான் பேசறேன்."

மழையிலேயே இறங்கி, கடை இருக்கும் தெருவை நோக்கி நடந்தான்.