முப்பது சாட்சிகளும் ஒரு மூச்சும்

காலை ஆறு மணிக்குக் கனகவேலின் தொண்டைக் குழாயில் சளி உறிஞ்சுவதுதான் நர்ஸ் ஜெசிந்தாவின் முதல் வேலை. உறிஞ்சிய சரக்கு பச்சையும் மஞ்சளுமாகக் குடுவையில் போய் உட்காரும். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து நிறத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இருபது வருடமாகப் பார்க்கிறாள். சளியைக் கண்டு அவளுக்குக் குமட்டியதே இல்லை. குமட்டுவதெல்லாம் பத்து மணிக்கு மேல், சொந்தக்காரர்கள் வந்த பிறகுதான்.

தூத்துக்குடியில் உப்புக் காற்றோடு சாம்பலும் சேர்ந்து வீசத் தொடங்கி ஒரு தலைமுறை ஆகியிருந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு ஒருமுறையாவது நுரையீரல் படுத்துவிடும். படுத்தால் மூச்சூட்டி, அதாவது பழைய வென்டிலேட்டரின் பேரப்பிள்ளை. அதில் ஏற்ற ஒரு டாக்டரும் ஒரு குழாயும் போதும். இறக்கத்தான் முப்பது சாட்சிகள் வேண்டும்.

சட்டம் சும்மா வரவில்லை. முன்பு மூச்சூட்டிகளே, ‘இவர் தானாக மூச்சு விடுகிறார்’ என்று சான்று கொடுத்து வந்தன. ஓர் ஊரில் செத்துப்போன மனிதர் பதினோரு நாள் சீராக மூச்சு விட்டதாக ஒரு கருவி எழுதிக்கொண்டே இருந்தது. இடையில் அவர் ஓட்டும் போட்டிருந்தார். அன்றிலிருந்து அரசு கருவியை நம்புவதில்லை. குழாய் கழற்றுவதையும், கழற்றியவர் அரை மணி நேரம் தானே மூச்சு விடுவதையும் முப்பது பேர் கண்ணால் பார்த்துக் கைநாட்டு வைக்க வேண்டும். முப்பது பேர் கூடும் இடத்தில் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? நாள் பார்த்தார்கள், பத்திரிகை அடித்தார்கள், பந்தி போட்டார்கள். மூச்சிறக்கு விழா என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

மூன்று முறை தவறினால் நெடுங்கூடம். அங்கே நானூறு பேருக்கு ஒரே கருவி ஊதும். நானூறு போர்வைகளும் ஒன்றாக எழும்பி ஒன்றாக அமுங்கும். உள்ளே போனவர் எவரும் வெளியே வந்ததில்லை. கனகவேலுக்கு அன்று மூன்றாவது முறை.

சளி எடுத்துவிட்டு மூச்சூட்டிக் குழாயைத் திரும்ப மாட்டப் போனவளைக் கனகவேல் கையால் தடுத்தார். தானே மூச்சு விட்டார். அவள் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். அரை மணி ஆயிற்று, ஒரு மணியும் ஆயிற்று. விலா துடிக்கவில்லை, உதடு கறுக்கவில்லை. அவர் சிலேட்டை வாங்கி, ‘காத்து வருது’ என்று எழுதினார்.

ஜெசிந்தா வெளியே ஓடினாள். கனகவேலின் மருமகன் சிவபெருமாள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு மேலே பிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, ஒங்க மாமா ஒரு மணி நேரமா தானா மூச்சு விடுதாரு. இப்பவே முப்பது பேரக் கூட்டிட்டு வாங்க. சாட்சி முன்னால மாட்டிக் கழத்திருவோம். காலைல இருக்க பலம் மதியம் இருக்காது.”

“பத்தரைக்குல்லா முகூர்த்தம். பத்திரிகைல போட்டாச்சே சிஸ்டர்.”

“அவரு நொரையீரலு பத்திரிகை படிக்கல அண்ணே.”

“வட்டச் செயலாளரு எந்திரிக்கவே ஒம்பது ஆவும். வெறும் வயித்தோட வந்து பாத்துட்டுப் போங்கன்னா ஊரு காலத்துக்கும் ஏசும். மூணு மணி நேரந்தான? திரும்ப மாட்டி வைங்க. மாமாவும் கொஞ்சம் ரெஸ்ட்டு எடுக்கட்டும்.”

சாட்சியில்லாத மூச்சு மூச்சே அல்ல என்பது சட்டம். ஜெசிந்தா குழாயை மாட்டினாள். திறந்த கதவு வழியே எல்லாவற்றையும் கேட்டிருந்த கனகவேல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வட்டச் செயலாளர் வந்தபோது மணி பதினொன்றே முக்கால். முப்பது கேட்ட இடத்தில் எண்பது பேர் நின்றார்கள். ஒருவர் அல்வாப் பொட்டலத்தை மூச்சூட்டியின் தலையில் வைத்திருந்தார். சாம்பிராணி போட வந்த பெண்ணைக் கையைப் பிடித்து வெளியே தள்ள வேண்டியிருந்தது. சளிக் குடுவையைப் பார்த்த ஒரு மாமி, “ச்சீ” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் அதிரசத்தைக் கடித்தாள்.

ஜெசிந்தா குழாயைக் கழற்றினாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

“சிஸ்டர், போகஸ் ஆகல,” என்றான் வீடியோக்காரன். “இன்னொருக்க மாட்டிக் கழத்துங்க.”

“எனக்கும் மூஞ்சி சரியா விழுந்திருக்காதுன்னு நெனைக்கேன்,” என்றார் வட்டச் செயலாளர்.

“மாட்டக் கூடாது,” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், நெய் ஒழுகும் விரல்களோடு சிவபெருமாளே குழாயைப் பிடித்து மாட்டினான். சிரித்துக்கொண்டே கழற்றவும் செய்தான். கனகவேலுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அது அடங்கியபோது அவரிடம் பலம் மிச்சமில்லை. பத்தொன்பதாவது நிமிடத்தில் உதடு நீலம் பாரித்தது. ஜெசிந்தா குழாயை மாட்டினாள்.

கூட்டம் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டது. பிறகு யாரோ, “பந்தி போட்டாச்சு, சாம்பார் ஆறிரும்,” என்றார்கள். அறை காலியாயிற்று. நெடுங்கூடத்துக்குக் கொண்டுபோக மூன்று மணிக்கு வண்டி வரும் என்று கீழேயிருந்து சொல்லியனுப்பினார்கள்.

சிவபெருமாள் மட்டும் வாசலில் நின்று அழுதான். பொய் அழுகை இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் குமட்டியது. “நல்ல நேரம் பாத்துத்தான வச்சேன்,” என்றான். காலையில் நடந்ததைப் பந்தியில் போய் எண்பது இலைக்கும் நடுவே சொல்லிவிடுவது என்று ஜெசிந்தா கிளம்பினாள்.

கட்டில் கம்பியில் சிலேட்டு தட்டும் சத்தம் கேட்டது. திரும்பினாள். கனகவேல் கோணல்மாணலாக எழுதியிருந்தார்: ‘காலைல நடந்தத எம் மவட்ட சொல்லாத. அவ இவன்கூட வாழணும்லா.’

அவள் ஈரப் பஞ்சால் அதைத் துடைத்தாள். துடைத்து முடிக்கும் முன்னே மகள் பூரணம் உள்ளே வந்து அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“நெசமாச் சொல்லுங்கக்கா. எங்கப்பா ஒரு தடவகூட சரியா மூச்சு விடலையா?”

ஜெசிந்தா வாசலைப் பார்த்தாள். சிவபெருமாள் கதவைப் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

“இல்லம்மா. ஒரு தடவகூட இல்ல.”

வாசலில் சிவபெருமாள் நீளமாக, தாராளமாக ஒரு மூச்சு விட்டான்.