பறக்கும் தட்டு அரசுகிட்ட கீது

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாந்தோம் கடற்கரையில் ஒரு பறக்கும் தட்டு விழுந்தது. அதைத் தமிழ்மொழி தன் கண்ணாலேயே பார்த்தாள். வட்டமாக, பளபளவென்று சுழன்றபடி படகுகளுக்குப் பின்னால் இறங்கியது. அவள் ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் காணாமல் போய்விட்டது.

"ரீல் விடாத," என்றான் டில்லிபாபு. ஐந்தாம் வகுப்பில் அவளுக்குப் பக்கத்து இடம் அவனுக்கு.

புதன்கிழமை காலை வணக்கத்தில் செய்தி வாசிக்கும் முறை தமிழ்மொழிக்கு. வருடம் முழுக்கக் காத்திருந்து வந்த வாய்ப்பு. இதையே வாசிக்கலாமா என்று சீதா டீச்சரிடம் கேட்டாள்.

"செய்தின்னா இன்னொரு சாட்சி வேணும். கிடைக்கலைன்னா டில்லிபாபு வேற செய்தி வாசிக்கட்டும்," என்றார் டீச்சர்.

தமிழ்மொழி கடற்கரை டீக்கடைக்கு ஓடினாள். டில்லிபாபுவும் கூடவே வந்தான்.

"பாய், தட்டு ஒண்ணு விழுந்துச்சே, பார்த்தீங்களா?"

கடைக்கார அக்பர் பாஷா குரலைத் தாழ்த்தினார். "துணியப் போட்டு மூடி எடுத்துக்கினு போயாச்சு பாப்பா. இப்போ அரசுகிட்ட கீது. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

"அரசாங்கமே மறைக்குதா?" டில்லிபாபு சுற்றுமுற்றும் பார்த்தான்.

இருவரும் உட்கார்ந்து கலெக்டருக்கு மனு எழுதினார்கள். 'மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் பறக்கும் தட்டை ஒரு தடவையாவது காட்டவும்.'

தபால் பெட்டிக்குப் போகும் வழியில் தமிழ்மொழி சட்டென்று நின்றாள். தினமும் பார்க்கிற பெயர்ப்பலகைதான். 'அரசு வெல்டிங்' என்று எழுதியிருந்தது.

"டேய், பாய் சொன்னது நம்ம அரசு அண்ணனையா?"

உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பழைய போர்வைக்கு அடியில் நெளிந்துபோன டிவி டிஷ் ஒன்று கிடந்தது. பக்கத்தில் தமிழ்மொழியின் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கும் மதிவாணன் மாமா அசடு வழிய நின்றார். "மாட்டுறதுக்கு ஆள் எதுக்கு? நானே மாட்டிட்டேன். புயலே வந்தாலும் அசையாது," என்று போன வாரம் குடியிருப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். சாதாரணக் கடல்காற்றுக்கே டிஷ் கிளம்பிவிட்டது.

"வெளிய சொல்லிடாதம்மா. மானம் பூடும்," என்றார் மாமா.

"அப்போ பறந்து வந்த தட்டு இதுதானா அண்ணா?" என்று தமிழ்மொழி கேட்டாள். அரசு அண்ணன் வாயே திறக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்பியைப் பற்றவைத்தார்.

தமிழ்மொழிக்குச் சங்கடமாகிவிட்டது. சொன்னால் மாமா பாவம். சொல்லாவிட்டால் செய்தி போச்சு. மனுவை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, வீடு வரை யோசித்தபடியே நடந்தாள்.

புதன்கிழமை டீச்சர் கேட்டார். "சாட்சி யாரு?"

"நான்தான் டீச்சர். அந்தத் தட்டை நானும் பார்த்தேன்," என்றான் டில்லிபாபு.

தமிழ்மொழி மைக் முன்னால் நிமிர்ந்து நின்றாள்.

"முக்கியச் செய்தி. சாந்தோம் கடற்கரையில் ஞாயிறன்று பறந்து வந்து விழுந்த தட்டு மீட்கப்பட்டது. யாருக்கும் காயமில்லை. தட்டு இப்போது அரசிடம் உள்ளது. இதுபற்றிக் கேட்டபோது, அரசு தரப்பில் யாரும் வாய் திறக்கவில்லை."

பள்ளிக்கூடமே கப்சிப் என்று கேட்டது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

சாயங்காலம் மதிவாணன் மாமா இருவருக்கும் ஆளுக்கொரு பொட்டலம் சுண்டல் வாங்கித் தந்தார்.

"எனக்காக எவ்ளோ பொய் சொன்ன, மொழி?"

"ஒண்ணுகூட இல்ல மாமா," என்றாள் அவள், சுண்டலை மென்றுகொண்டே.

மொட்டைமாடியில் டிஷ் ஆடாமல் அசையாமல் நின்றது. இந்த முறை அதை மாட்டிக் கொடுத்தது அரசு.