காப்புவில்லை

அக்சாவின் தூக்கம் கலையுமுன் அவள் கண்களில் காப்புவில்லைகளைப் பொருத்திவிட்டுத்தான் பிரிசில்லா காலையில் அடுப்பைப் பற்றவைப்பாள். ஐந்து வயது முடிந்த பிள்ளைகள் பதினாறு வயதுவரை விழித்திருக்கும் நேரமெல்லாம் அதை அணிய வேண்டும். கூடவே காதுக்குள் ஒரு செவிமணி. கைபேசியில் கண்டதையெல்லாம் பார்த்துப் பிள்ளைகள் நொறுங்கிப்போன காலத்தில் வந்த சட்டம் அது. முதலில் திரைக் காட்சிகளை மட்டும்தான் வடிகட்டினார்கள். பெற்றோருக்கு அது பிடித்துப்போகவே, வடிகட்டல் தெருவுக்கும் வீட்டுக்கும் நீண்டது. வில்லை பொருத்திய நாளிலிருந்து அக்சா ரத்தம் பார்த்ததில்லை. யாரும் அழுது அவள் கேட்டதில்லை. செத்த நாய் அவளுக்குத் தூங்கும் நாய்.

அவளுடைய தம்பி ஜோவலுக்கு நான்கு வயது. அவனுக்கு இன்னும் வில்லை கிடையாது.

ஒரு சனிக்கிழமை, உலையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தபோது பிரிசில்லா துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனாள். அங்கே வீசிய காற்றில் கீழேயிருந்து எதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது பானை தரையில் உருண்டு கிடந்தது. ஜோவல் கொதிக்கும் கஞ்சியில் புரண்டு அலறிக்கொண்டிருந்தான். கை எட்டும் தூரத்தில் அக்சா சம்மணமிட்டு உட்கார்ந்து, அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி ஆடுதாம்மா. பாட்டுகூட கேக்கு,” என்றாள்.

ஜோவல் பிழைத்தான். முகத்தில் பாதியும் கழுத்தும் வெந்து சுருங்கிவிட்டன. அக்சாவின் வில்லையோ அவளுக்குப் பழைய கன்னத்தையே காட்டியது. அவள் விளையாடக் கூப்பிட்டால் அவன் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வான்.

“ஏம்மா இவன் எங்கிட்ட வரமாட்டேங்கான்? சிரிச்சுக்கிட்டே ஓடுதான்.”

பிரிசில்லா காப்பு அலுவலகத்துக்குப் போய், மகளுக்கு ஒருநாள் மட்டும் விலக்குக் கேட்டாள்.

“பிள்ள சந்தோஷமாத்தான இருக்கு? அதக் கெடுக்கணுமாம்மா?” என்றார் அதிகாரி.

ஜோவலுக்கு ஐந்து வயது நெருங்கியது. அடுத்த வாரம் அவனுக்கும் வில்லை பொருத்த ஆள் வரும். அதன்பிறகு கண்ணாடியில்கூட அவன் தன் முகத்தைப் பார்க்க முடியாது. விழித்திருக்கும் பிள்ளைக்கு வில்லையைக் கழற்றினால் பிள்ளையையே கொண்டுபோய்விடுவார்கள் என்பது பிரிசில்லாவுக்குத் தெரியும். ஆனாலும் அன்று மாலை கதவைத் தாழிட்டுவிட்டு அக்சாவை மடியில் சாய்த்து, வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். செவிமணியையும் கழற்றினாள்.

அக்சா கூசிக் கூசிக் கண்ணைத் திறந்தாள். “எம்மா, ஒம் மொகம் ஏன் இப்பிடி இருக்கு?”

“அது கெடக்கட்டும். தம்பியப் பாருட்டி.”

ஜோவல் அடுக்களை வாசலில் நின்றிருந்தான். அக்சா எழுந்து நெருங்கிப் போனாள். அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். நீட்டிய கையை அவள் பாதியில் நிறுத்தினாள்.

“எப்பம்மா இப்பிடி ஆச்சு?”

“சோத்துப்பான சாஞ்சிருச்சு. ரொம்ப நாளாச்சு.”

“அப்ப நான் எங்கம்மா இருந்தேன்?”

ஜோவல்தான் சொன்னான்:

“இங்கதான் இருந்த. நான் ஒன்னய அக்கா அக்கான்னு கூப்பிட்டேன். நீ சிரிச்ச.”