வெட்டிய மரத்தின் நிழல்

திரையில் ஊரே தணலாகச் சிவந்து கிடக்க, அவளுடைய அலுவலகத்தின் வாசல் தெருவில் மட்டும் ஒரு நீலத் திட்டு இருந்தது.

வெப்ப அலை வீசும் நாட்களில் எந்தத் தெரு எவ்வளவு கொதிக்கும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. கட்டிடம், தார், மரம் என்று ஒன்று விடாமல் ஏற்றி, ஊரையே அந்தத் திரைக்குள் கட்டி வைத்திருந்தாள்.

"போன வருஷம் வெட்டின மரத்த நீங்க இன்னும் எடுக்கல போல," என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். "கம்ப்யூட்டர்ல மட்டும் நல்லா தழைச்சு நிக்குது!"

நாக்கைக் கடித்துக்கொண்டு மரத்தை அழித்தாள். கணக்கு மறுபடி ஓடத் தொடங்கியபோது, ஏசி இரைச்சலுக்கு அடியில் எங்கிருந்தோ இலைகள் ஒன்றோடொன்று உரசுகிற சலசலப்பும், சன்னல் சாத்திய அந்த அறைக்குள் வர வழியே இல்லாத, அப்போதுதான் அறுத்த மரத்தின் பச்சை வாசனையும் மெல்ல மெல்ல வந்து அவள் கழுத்தைத் தொட்டன.

கணக்கு முடிந்தது. நீலத் திட்டு அங்கேயே இருந்தது. முன்னைவிடப் பெரிதாக.

போன் அடித்தது. அண்ணன். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று இருக்கிற ஒரே ஆள். வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவன். இந்த வெயிலில் போகாதே என்று காலையில் கெஞ்சியும் கேட்காமல் போனவன்.

"என்ன வெயில் டாக்டரம்மா, ஊரையே பயமுறுத்துறே! உங்க ஆபீஸ் வாசல்லயே என்னமா நிழல் இருக்கு. கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்."

"அண்ணா, அங்க மரமே இல்லையே!"

"இருக்குடி. ஜில்லுனு இருக்கு." பிறகு குரல் இழுத்தது. "எந்திரிக்கவே மனசு வரல..."

படிகளில் விழுந்தடித்து இறங்கினாள். கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அறைந்தது. தெருவோரம், தரையோடு தரையாக அறுத்த அடிமரம். அதிலிருந்து தார் மேல் நிழல் விரிந்து கிடந்தது. கிளை கிளையாக. இலை இலையாக. அசைந்துகொண்டு.

காற்றே இல்லை.

அண்ணாந்து பார்த்தாள். வெறும் வானம்.

நிழலுக்குள் அண்ணன். முதுகை எதன் மேலோ சாய்த்து உட்கார்ந்திருந்தான். பின்னால் ஒன்றுமில்லை.

"அண்ணா!"

சிரித்தான். இமை அசையவில்லை.

மணிக்கட்டைப் பிடித்தாள். பனிக்கட்டி. பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். வேரோடு பெயர்ந்து வருகிற மாதிரி வந்தான். வெயிலில் வந்து விழுந்தான். மூச்சு வந்தது.

"ஏன்டி இழுக்குறே?"

அழுகையும் சிரிப்புமாகத் திரும்பிப் பார்த்தாள். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. நிழல் போய்விட்டது.

அப்பாடா.

அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

உச்சி வெயில். அவன் கன்னத்தில், சட்டையில், கழுத்தில் இலை நிழல்கள். மெல்ல அசைந்துகொண்டு. ஒரே ஓர் இலை நிழல் மட்டும் பிரிந்தது. தோளில் விழுந்து, கை வழியே வழுக்கிக்கொண்டு இறங்கி, அவனைப் பிடித்திருந்த அவள் விரல்களின் மேல் வந்து ஒட்டிக்கொண்டது.

ஜில்லென்று.