கராஜுக்குள் ஒரு மூச்சு

ரமா அலறினாள்.

சத்தம் வெளியே வரவில்லை. வாயைச் சுற்றி மூன்று சுற்று பேக்கிங் டேப்...

கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்டிருந்தன. அவள் நின்றுகொண்டிருந்தது தொம்மலூர் வீட்டின் பின்புற கராஜில், தரைக்குக் கீழே இருந்த பழைய தண்ணீர் சம்ப்புக்குள். வறண்டு வருஷக்கணக்கான தொட்டி. தலைக்கு மேல் இரும்பு மூடி. மூடியின் விளிம்பில் ஒரு விரல்கடை இடுக்கு. முந்தாநாளிலிருந்து அந்த இடுக்குதான் அவளுக்கு உயிர்.

உள்ளே இறக்கியவன் வேறு யாருமில்லை... தாலி கட்டிய ரங்கா!

அவனுடைய முதல் மனைவி மாடிப்படியில் தவறி விழவில்லை, தள்ளிவிடப்பட்டாள் என்பதை ரமா கண்டுபிடித்துவிட்டாள். போலீசுக்குப் போகிறேன் என்று அவனிடமே சொன்னாள். சொல்லாமல் போயிருக்கலாம், பாவம்.

ரங்காவுக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். கொலைகாரனுக்கும் கூச்சம் இருக்கக் கூடாதா என்ன? கராஜின் இடுக்கையெல்லாம் அடைத்துவிட்டால் அவள் போடும் சத்தமும் நிற்கும், மெல்ல மெல்ல மூச்சும் நிற்கும் என்று கணக்குப் போட்டிருந்தான்.

மேலே டிரில் மெஷின் இரைந்தது.

ஷட்டர் வேலை செய்யும் ஸ்ரீராம்புரம் பாலகுமார், ரோலிங் ஷட்டரின் ஓரங்களில் பிரஷ் பட்டையும் அடியில் ரப்பரும் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். குளிர் காற்றும் தூசியும் காருக்கு ஆகாது என்று ரங்கா சொல்லியிருந்தான். அந்த ஷட்டரை விட்டால் கராஜுக்கு வேறு வாசல் கிடையாது, ஜன்னலும் கிடையாது.

ரமா தலையால் மூடியை முட்டினாள். மறுபடியும் முட்டினாள். டிரில் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கியது. அது நின்றபோது அவளுக்கு முட்டத் தெம்பில்லை.

முருகா... இந்த ஆள் போய்ட்டா நான் செத்தேன்...

"முடிஞ்சுதாப்பா?" என்றான் ரங்கா. மூன்று மணிக்கு அவனுக்கு டெல்லி ஃப்ளைட்.

"ஒரே ஒரு டெஸ்ட் சார். ஷட்டரை இறக்கிட்டு ஊதுபத்தி காட்டுவேன். எங்க காத்து வருதோ அங்க புகை ஆடும்."

இறக்கினான். ரங்கா லைட்டைப் போட்டான். பாலகுமார் ஊதுபத்தியை நான்கு பக்கமும் கொண்டுபோனான். புகை ஆடாமல் அசையாமல் நேராக ஏறியது.

சாமிக்கு ஏற்றுகிற பொருளைக் கீழே போட்டு மிதிக்க அவனுக்கு மனம் வராது. தானாக எரிந்து முடியட்டும் என்று காலடியில் இருந்த இரும்பு மூடியின் இடுக்கில் செருகினான்.

சந்தன வாசனை ரமாவின் மூக்கில் ஏறியது.

கால் கட்டைவிரலில் எம்பினாள். இடுக்கில் மூக்கை வைத்து, மிச்சமிருந்த மூச்சையெல்லாம் சேர்த்து விட்டாள்.

புகை சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. நிமிர்ந்தது...

பாலகுமார் பார்த்தான். காற்று கசிந்தால் இப்படி விட்டு விட்டு வராதே!

"கீழ என்ன சார்?"

"பழைய சம்ப்பு. காலி." ரங்கா வாட்சைப் பார்த்தான். "ஏன்?"

"இங்கதான் சார் கசியுது. இதையும் சிலிக்கான் வச்சு அடைச்சிடட்டுமா?"

கீழே ரமாவுக்கும் அது கேட்டது. அவ்வளவுதான். எல்லாம் முடிந்தது.

"அடைச்சிடு. நல்லா அடைச்சிடு." ரங்காவின் முகம் மலர்ந்தது.

"அதுக்கு முன்னாடி நீங்க வெளிய நின்னு பாருங்க சார். எங்கயாவது லைட் வெளிச்சம் தெரிஞ்சா தட்டுங்க."

ஷட்டர் உயர்ந்தது. ரங்கா சந்தோஷமாக வெளியே போனான். ஷட்டர் இறங்கியது.

டக்!

உள்தாழ்ப்பாள்.

வெளியே நின்றவனுக்கு வெளிச்சம் தெரியவில்லை. இரும்பு மூடி தரையில் இழுபடும் சத்தம் லேசாகக் கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் இருமல். பிறகு பாலகுமார் போலீசுக்குக் கன்னடத்தில் விலாசம் சொல்லி, "பேக பன்னி சார்" என்று சீக்கிரம் வரச்சொல்லி அவசரப்படுத்துவது கேட்டது.

ரங்கா குனிந்தான். அடியில் விரலை நுழைத்து ஷட்டரைத் தூக்கப் பார்த்தான். நுழைக்க இடமே இல்லை. ஓங்கி உதைத்தான்.

"டேய்! என்னை உள்ள விடுடா!"

"காத்தே உள்ள வர முடியாது சார்..." பாலகுமாரின் குரல் நிதானமாக வந்தது. "நீங்க எப்படி வருவீங்க?"